பழுப்பு என்னும் நிறம்
(நெய்வேலி நகரியத்தில் டிஜிட்டல் புகைப்படக் கலை பற்றி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிஜிட்டல் புகைப்படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த அன்பர்கள் என் வீட்டுக்கு வந்து கேட்டபோது, கலியாண மண்டபங்களில் இரவு பகலாக நின்று கைதேர்ந்த போட்டோக்காரர் ஒருவரை அழைப்பதே முறை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். முப்பது வருஷ காலம் சுரங்க அளவைப் பிரிவில் டிராப்ட்ஸ்மேனாக உட்கார்ந்து பூமியின் வெட்டுமுகப் படங்களுக்கு வர்ணம் தீட்டியவன் என்பதையும், ஓய்வு நாட்களில் காமிராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன் என்பதையும் தவிர, இந்த மேடைக்கு வர எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. அவர்கள் விடவில்லை. ஆகவே வந்திருக்கிறேன், வரும்போது துணைக்கு ஒரு சாட்சியையும் அழைத்து வந்திருக்கிறேன்.

மேஜையின் மேல் வெள்ளைத் தாளில் வைத்திருக்கும் இந்தக் கட்டிதான் அந்தச் சாட்சி. சுரங்கத்தில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருவர், முறைப்படி அனுமதி பெற்று, இன்று காலையில் கொண்டுவந்து கொடுத்தார். முதல் வரிசையில் இருக்கும் தம்பி, எழுந்து வந்து உங்கள் கைப்பேசியில் இதை ஒரு படம் எடுங்கள். என்ன நிறமாக வந்திருக்கிறது? கறுப்பு என்கிறீர்கள். நல்லது. இப்போது இதைக் கையில் எடுத்து, அந்த ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கண்ணால் பாருங்கள். வறுத்து அரைத்த காப்பித் தூளின் நிறம் தெரிகிறதல்லவா? ஓரத்தில் பழைய மரத்தின் நார் ஓட்டம் இன்னும் அழியாமல் இருக்கிறது. விரலில் ஈரம் படும். எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். நிலக்கரி என்ற சொல்லின் முன்னால் நம்மவர்கள் பழுப்பு என்ற அடைமொழியை வைத்தது அழகுக்காக அன்று. இந்தக் கட்டியின் நிறம் அதுதான். கைப்பேசியோ சுற்றியிருந்த வெள்ளைத் தாளின் பிரகாசத்தைக் கண்டு மிரண்டு, கட்டியை இருட்டில் தள்ளி, நிலக்கரியென்றால் கறுப்பு என்று உலகம் சொல்வதைத் தானும் சொல்லிவிட்டது. இன்று நான் பேசப்போவது முழுவதும் இந்தப் பழுப்பைப் பற்றித்தான்; காமிராவும் லென்ஸும் எடிட்டிங்கும் இடையிடையே வந்து போகும்.

ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தோண்டிய கிணற்றில் தண்ணீரோடு கரிய வஸ்து கலந்து வந்த கதையை இந்த ஊர்க் குழந்தைகளும் அறியும். 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டு, 1957 மே 20 அன்று பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்து, 1961 ஆகஸ்டில் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்தைக் கண்டது. அந்த நாட்களைக் காட்டும் படங்களில் நான் பார்த்தவை யாவும் கறுப்பு வெள்ளை. தன் பெயரிலேயே நிறத்தைச் சுமந்திருக்கும் ஒரு பொருளின் முதற் படங்களில் அந்த நிறத்துக்கு மாத்திரம் இடமில்லாமற் போனதை நினைத்து நான் பலமுறை தனியே சிரித்திருக்கிறேன்.

வர்ணக் காமிரா வந்தபின் அந்தக் குறை தீர்ந்திருக்க வேண்டுமே என்றால், தீரவில்லை. சுரங்கத்தின் விளிம்பில், பார்வையாளர்கள் நிற்கும் மேட்டில் நின்று கீழே நோக்குங்கள். மேலே செம்மண், அதன் கீழே மஞ்சளும் சிவப்பும் திட்டுத் திட்டாக ஓடும் மணற்பாறை, கடலூர் மணற்பாறை என்றே பூகர்ப்ப சாஸ்திரிகள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள், ஆங்காங்கே வெண்களிமண், எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்பு. வாளி ஒன்றுக்கு 1400 லிட்டர் கொள்ளும் ராட்சதச் சக்கரம் அந்தச் செம்மண் சுவரை வழித்துக்கொண்டு மெதுவாகச் சுழலும் காட்சியை எத்தனையோ பேர் படமெடுத்துப் போகிறார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் செம்மண் சாம்பல் பூத்து, வானம் மட்டும் வேண்டாத நீலமாகி, மொத்தமும் ஏதோ குளிர் தேசத்துச் சுரங்கம்போல் காட்சியளிக்கும். காரணம் எளியது. காமிராவில் ஒயிட் பேலன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தானியங்கியில் விட்டுவிட்டால், உலகத்து வர்ணங்களையெல்லாம் கலந்து சராசரி பார்த்தால் சாம்பல்தான் வரும் என்ற அநுமானத்தின் மேல் அது கணக்குப் போடுகிறது. நெய்வேலிச் சுரங்கமோ சராசரிக்கு அடங்காத செம்மை. இவ்வளவு சிவப்பா, இது விளக்கின் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, காமிரா அந்தச் சிவப்பைக் கழித்துவிடுகிறது.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டரும் இதற்குக் குறைந்ததன்று. அது காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகவே பாவிக்கும். மேஜையின் மேல் வெள்ளைத் தாளால் ஏமாந்த அதே கருவி, நிலக்கரிப் படுகை சட்டம் முழுவதையும் நிறைத்து நின்றால், ஐயோ இருட்டாயிருக்கிறதே என்று பயந்து வெளிச்சத்தைக் கூட்டி, ஈரம் மின்னும் அந்த ஆழ்ந்த பழுப்பைப் புழுதி படிந்த சிமெண்டுத் தரைபோல ஆக்கிவிடும். வெண்களிமண்ணை முழுச் சட்டத்தில் வைத்தால் இதற்கு நேர்மாறு, வெள்ளை அழுக்காகும். நிலக்கரிக்கு ஒரு படி குறைத்தும் களிமண்ணுக்கு ஒரு படி கூட்டியும், ஒயிட் பேலன்ஸை வெயில் என்ற குறியில் நிறுத்தியும் எடுங்கள். விலையுயர்ந்த காமிரா வேண்டுமா என்று கேட்கும் தம்பிகளுக்கு இது போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

காமிரா என்ற யந்திரம் உண்மையை அப்படியே பிடித்து வைக்கும் என்ற நம்பிக்கை நம்மில் ஆழமாக வேரூன்றியிருப்பதால், எடிட்டிங் செய்யாத படம் என்று மார்தட்டிக்கொள்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுக்காக டிஜிட்டல் காமிரா பிறந்த கதையைச் சொல்கிறேன். 1975-இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் என்பவர் முதல் டிஜிட்டல் காமிராவை உருவாக்கினார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் பிம்பம். அதை ஒலிநாடாவில் எழுதி முடிக்க 23 விநாடி. அடுத்த ஆண்டே, அதே நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவரின் வர்ண வடிகட்டிக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கு உங்கள் பையில் இருக்கும் கைப்பேசி வரையில் பெரும்பாலான காமிராக்களில் வேலை செய்வது அந்த வடிகட்டியின் வழிமுறைதான். சென்ஸரில் உள்ள ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரே ஒரு வர்ணக் கண்ணாடிதான் இருக்கிறது. நாலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒரு புள்ளி தன் வர்ணத்தை மாத்திரம் அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்தாரைக் கேட்டு ஊகித்துக்கொள்கிறது. ஆகவே எந்த டிஜிட்டல் படத்திலும் வர்ணத்தில் மூன்றில் இரண்டு பங்கு கணிதம் போட்ட ஊகம். படம் பிறக்கும்போதே யாரோ ஒருவருடைய அபிப்பிராயத்துடன்தான் பிறக்கிறது. ரா கோப்பாக எடுத்தால் அந்த அபிப்பிராயத்தைச் சொல்லும் உரிமை நமக்கு. ஜேபெக்காக எடுத்தால் காமிராவைச் செய்தவருக்கு.

நம் மண்ணில் படத்தைத் திருத்தும் இந்த வித்தை ஒன்றும் நேற்றுப் பிறந்ததன்று. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். அந்நாளைய ரசாயனப் பூச்சுக்கு நீலம் அதிகமாக உறைக்கும். ஆகவே வானம் எப்போதும் வெறும் வெள்ளையாக வந்து நிற்கும். டிரைப் சளைக்காமல் தூரிகையை எடுத்து, மெழுகிட்ட காகித நெகடிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். இலை தழைகளையும் திருத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுக்களை இருபத்தொரு படங்களாக எடுத்து, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்ததும் அவரே. மேகத்தைத் தீட்டிய அந்தக் கை கல்வெட்டின் ஓர் எழுத்தைக்கூட மாற்றியதாகத் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள்; எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்ற விவேகம் அவரிடம் இருந்தது. பிற்காலத்து ஊர் ஸ்டுடியோக்களில் கண்ணாடி மேஜைக்குக் கீழே விளக்கை வைத்துக்கொண்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் நெகடிவில் அம்மைத் தழும்பை மூடிய டச்சிங் கலைஞர்களும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவர்கள்தாம்.

இனி, இளைஞர்கள் லுக் என்றும் பிரிசெட் என்றும் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு விரல் தட்டலில் படம் பழைய காலத்துப் படமாகிறது. மறு தட்டலில் மலையாள சினிமாவாகிறது. இவற்றில் மிகவும் மூத்தது செபியா என்னும் பழுப்புச் சாயல். செபியா என்பது கணவாயின் பெயர். அது கக்கும் மையின் நிறம் அந்தப் பழுப்பு. கடலூர்த் துறைமுகத்தில் கூடையில் வந்திறங்கும் கணவாயை நறுக்கிப் பழகிய தாய்மார்களுக்கு அந்த மை விரலைவிட்டு எளிதில் போகாதது தெரியும். புகைப்படத்தில் செபியா என்பது ஆதியில் அலங்காரமும் அன்று. படத்திலுள்ள வெள்ளித் துகள்களைக் கந்தக ரசாயனத்தில் தோய்த்து வெள்ளி சல்பைடாக மாற்றினால் அவை காற்றாலும் வெயிலாலும் எளிதில் மங்கமாட்டா; அழுகிய முட்டை நாற்றத்தைச் சகித்துக்கொண்டு இருட்டறையில் அதைச் செய்தவர்கள், படம் பேரன் காலம் வரையில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். நிறம் மாறியது அதன் பக்க விளைவு. இன்று படம் நாளைக்கே காணாமற் போனாலும் போகட்டும், பழுப்பு மட்டும் வேண்டும் என்று கேட்கிறோம்.

பழுப்பு நிறத்துக்குக் காமிரா உலகத்தில் நேர்ந்த அவமானம் இன்னொன்றும் உண்டு. அந்நாளில் வர்ணப் படம் அச்சிடும் கூடங்களில் நிறம் சரியாயிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெண்ணின் படம் போட்ட அட்டை இருக்கும். ஷெர்லி அட்டை என்று பெயர். நெடுங்காலம் அந்தப் பெண் வெள்ளைக்காரியாகவே இருந்தாள். அவள் கன்னம் சரியாக வந்தால் உலகமே சரியாக வந்ததாகக் கணக்கு. நம்மைப் போன்றவர்களுடைய முகம் கண்ணும் பல்லும் தவிர இருட்டாக வந்தது. பிலிமில் பழுப்பு நிறங்களைச் செப்பம் செய்யும் யோசனை பிறந்ததற்குக் காரணமாயிருந்தவர்கள் கறுப்பு மனிதர்கள்கூட அல்லர். எங்கள் பலகையின் நிறமும் சாக்லேட்டின் நிறமும் விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று புகார் செய்த மரச்சாமான் வியாபாரிகளும் மிட்டாய் வியாபாரிகளும் என்று அந்த வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். அந்த ஷெர்லி இன்னும் செத்துப்போகவில்லை. நம் ஊர்க் கலியாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். ராட்சதச் சக்கரத்தின் அருகில் பத்து வருஷம் வெயிலில் நின்று வேலை பார்த்த மாப்பிள்ளை, ஆல்பத்தில் பால்கோவா நிறத்தில் சிரிக்கிறார். அவருடைய கையைப் பிடித்திருக்கும் மாமனாரின் கை மாத்திரம், எடிட்டர் அவசரத்தில் விட்டுவிட்டபடியால், நம் ஊர்க் கையாக இருக்கிறது.

நானும் இந்தப் பாவத்துக்கு விலக்கானவன் அல்லேன். சுரங்க விரிவாக்கத்துக்காகக் காலி செய்ய இருந்த ஒரு கிராமத்தில், பல வருஷங்களுக்கு முன்பு, ஒரு மூதாட்டி என் தோளில் தொங்கிய காமிராவைப் பார்த்துவிட்டுத் தம் வீட்டுப் பலா மரத்தைப் படமெடுத்துத் தரும்படி கேட்டார். எடுத்தேன். அடிமரத்திலேயே ஏழெட்டுக் காய். நிழலில் ஓர் உரல். பக்கத்தில் தூர்ந்துபோன கிணறு. வீட்டுக்கு வந்து, மாலை வெயில்போல் பொன்னிறம் பூசும் ஒரு லுக்கைப் போட்டு, பெரிதாக அச்சிட்டு, பெருமிதத்துடன் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மையார் அதை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "ஏம்பா, எம் மரம் எப்பப்பா இம்மாம் மஞ்சளா இருந்துச்சு? காமாலை கண்டாப்புல இருக்குதே" என்றார். நான் எடுத்தது காலை பத்து மணி வெயிலில். பலாவின் இலை கரும்பச்சை. அடிமரம் பழுப்பும் சாம்பலுமாகப் பொறுக்குத் தட்டியிருக்கும். இரண்டையும் நான் கெடுத்திருந்தேன். மறுவாரம் வேறு படம் அச்சிட்டுக் கொண்டுபோனேன். அதை வாங்கிக்கொண்டவர், "இதுல எழுதிக் குடு" என்றார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். மரத்தை நட்டவர் பெயர், நட்ட வருஷத்துக்கு அடையாளமாக எந்தப் பிள்ளை பிறந்த வருஷம் என்பது, காய் எந்த மாதத்தில் பழுக்கும், சுளை என்ன நிறம், இவ்வளவையும் சொல்லச் சொல்லப் படத்தின் முதுகில் எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார்தான் படத்துக்கு முதுகு என்று ஒன்று உண்டு என்பதை எனக்குக் காட்டினார்.

இதற்கு வெகு காலத்துக்கு முன்பே இந்தப் பிரதேசத்தில் ஒருவர் எழுதுவதில் சளைக்காமல் இருந்திருக்கிறார். இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பிரயாணத்தில் எட்டிவிடும் புதுச்சேரியில், துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761 வரையில், தினப்படிச் செய்திகளைக் குறித்து வைத்தார். பிரெஞ்சுக் கவர்னரின் கோபமும் எழுதினார், கப்பல் வந்த நாழிகையும் எழுதினார், சரக்கு விலையும் எழுதினார். அவருக்குக் காமிரா கிடையாது. ஆனாலும் அந்தப் பட்டணத்தின் ஒரு காலை நேரத்தை நாம் இன்று கண்ணால் காண்கிறோம். காமிராவும் பேனாவும் ஒருங்கே வாய்த்தவர் ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை கற்று, காந்தியடிகளைப் பற்றி 1940-இல் முழுநீளப் படம் தயாரித்தவர் அவர். அந்தத் தமிழ்ப் படம் நெடுங்காலம் காணக் கிடைக்காமற் போயிற்று. தாம் பிரயாணம் செய்த நாடுகளைப் பற்றி அவர் எளிய தமிழில் எழுதி வைத்த பக்கங்களோ இன்றும் நம் அலமாரியில் இருக்கின்றன.

போட்டோ அழியும் வழிகளைப் பற்றி இந்த ஊரில் நான் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. கடற்காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். அரிசி டின்னுக்குள் காமிராவை வைத்தால் ஈரம் போகும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு வைப்பதே உத்தமம். லென்ஸைத் திறந்தவெளியில் மாற்றாதீர்கள். நம் ஊர்ப் புழுதி சென்ஸரின் மேல் உட்கார்ந்துகொண்டு வானத்தில் கரும்புள்ளியாக வந்து சிரிக்கும்.

தூசியும் பூஞ்சையும் காமிராவோடு போகும். வட்டு கெட்டால் வருஷங்கள் போகும். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, நம் நகரியத்துச் சாலைகளை மூடியிருந்த மரங்கள் எத்தனை சாய்ந்தன என்பதை உங்களில் பலர் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்புகளும் முந்திரிக் காடுகளும் வேரோடு விழுந்தன. அதற்கு முந்தைய பத்து வருஷங்களில் அந்தச் சாலைகளை நான் எடுத்திருந்த ஆயிரக்கணக்கான படங்கள் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. புயலுக்கு அடுத்த கோடையில் அது கடகடவென்று ஒரு சப்தம் செய்துவிட்டு நின்றது. பழுது பார்க்கும் கடையொன்றில் கொடுத்தேன். பணமும் போயிற்று, படமும் வரவில்லை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பழைய விதியை நான் அறிந்துதான் இருந்தேன். அறிந்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்குத் தனி ருசி உண்டு. தப்பிப் பிழைத்தவை, ஏதோ சந்தர்ப்பத்தில் அச்சிட்டு வைத்திருந்த நாற்பது படங்கள். அவற்றிலும் பாதியில் எந்தச் சாலை, எந்தப் பிளாக் என்று எனக்கே தெரியவில்லை. நிழல் விழுந்த தார்ச் சாலை நம் ஊரில் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதுகில் எழுதியிருந்த படங்கள் மாத்திரம் பேசுகின்றன. ஒன்றில் இப்படி இருக்கிறது: "25-12-2011. காலை 7 மணி. பால் வண்டி வர நேரமாயிற்று. தூங்குமூஞ்சி மரத்தில் கிளி." ஐந்து நாள் கழித்து அந்த மரம் இல்லை.

நேரமாகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதை நானும் பார்த்துவிட்டேன். முதல் வரிசைத் தம்பி, அந்தக் கட்டியை இப்படிக் காட்டுங்கள். மின்விசிறிக் காற்றில் மேற்பரப்பு காய்ந்து, வந்தபோது இருந்ததைவிட வெளிறியிருக்கிறது. ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பும் விட ஆரம்பித்திருக்கிறது. இதைக் கொண்டுபோய் வாசற்படியில் வைக்கச் சொல்கிறேன். வெளியே இன்னும் அரை மணி நேரம் வெயில் இருக்கும். வெள்ளைத் தாளை எடுத்துவிட்டு, கிட்டத்தில் நின்று, ஒரு படி குறைத்து எடுத்துப் பாருங்கள். என்ன நிறம் வந்தது என்பதையும், மணி என்ன என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.